சிக்கனத்தில் ஒரு பாதுகாப்பு
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். "கோடி கோடியா ஒதுக்குறாங்களே, உங்களுக்கு என்னப்பா குறை?" என்று ஊரில் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். 2024-25 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.21 லட்சம் கோடி ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் அது சுமார் 1.9 சதவீதம். 1980-களின் பிற்பகுதியில் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தது. அதிலும் சம்பளம், ஓய்வூதியம் இரண்டுக்குமே பாதிக்கு மேல் போய்விடும். டி.ஆர்.டி.ஓ.வுக்கு வந்தது ஏறத்தாழ 23,855 கோடி. நூறு ரூபாயில் நாலு ரூபாய்கூட இல்லை!

அப்போ என்ன செய்வது? எல்லாவற்றையும் நாமே செய்யப் புறப்பட்டால் கட்டுபடியாகாது. 1983-ல் 388 கோடி ரூபாய் திட்டத்தில் ஐந்து ஏவுகணைகளைக் கையில் எடுத்தார்கள். பிருத்வியும் அக்னியும் ஆகாஷும் படையில் சேர்ந்தன, திரிசூல் தேறவில்லை. 1998-ல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டுச் செலவைப் பகிர்ந்து தொடங்கிய பிரம்மோஸ், 2001-ல் பறந்தது. 2024-ல் பிலிப்பைன்சுக்கே போய்ச் சேர்ந்தது. பிறர் தர மறுப்பதை நாமே செய்ய வேண்டும். பெருஞ்செலவைக் கூட்டாளியோடு பகிர வேண்டும். மற்றதை ஊர்ப் பட்டறைகளிடம் விட வேண்டும். நான் கண்ட வழி இதுதான்.

பட்டறை என்றால் நம்ம ஊர்தானே! நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க போர் போடுகின்றன. 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு மையம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ராணுவ ஆர்டர் எப்போதும் ஆயிரக்கணக்கில் வராது. சில நேரம் இருபது, முப்பது உருப்படிதான். பட்ஜெட் இறுகினால் அதுவும் தள்ளிப்போகும். அதை மட்டும் நம்பிக் கடன் வாங்கி மெஷின் போடாதீர்கள். லாரி வேலையும் ரிக் வேலையும் சோறு போடட்டும். கைத்திறன் துருப்பிடிக்காமல் இருக்கட்டும். நாட்டுக்குத் தேவைப்படும்போது அந்தத் திறன்தான் உதவும்.

மாணவர்களே, 2022-23 பட்ஜெட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சிப் பணத்தில் 25 சதவீதத்தைத் தனியார் தொழில், புதுத்தொழில், கல்லூரிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அதில் பங்கு கேட்க வேண்டுமானால் துல்லியமாக அளக்கவும், ஒவ்வொரு உருப்படிக்கும் சோதனைச் சான்று எழுதி வைக்கவும் பழகுங்கள். நம்ம பட்டறைக்காரர்களிடம் கை இருக்கிறது, காகிதம் இல்லை. அந்தக் குறையை நீங்கள்தான் தீர்க்க வேண்டும்.