கடல் கடந்த நிலம்

(வண்டியூரில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அயல்நாட்டில் மனை வாங்கி வாடகை பெறலாமென்னும் விருப்பம் நம் இளைஞரிடை வளர்கின்றது. அதனைத் தடுத்தல் எம் நோக்கமன்று. பர்மா தந்த பாடத்தை நினைவூட்டவே விழைகின்றோம்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் ஆங்குச் சென்றது கடன் கொடுக்கவே, நிலம் வாங்கவன்று. 1930-க்குப் பின் நெல்விலை வீழவே, கடன் தீர்க்கவியலாத உழவரின் வயல்கள் அவர் கையடைந்தன. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்காயிருந்த அவர்தம் நிலம் 1937-இல் 25 பங்காயிற்று. உழவர் நெஞ்சு புண்பட்டது. 1942-இல் போர் நகரத்தாரைத் துரத்திற்று. 1948-இல் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் பிறந்தது. பத்திரம் பெட்டியில் இருந்தது. வயல் கைவிட்டுப் போயிற்று.

ஆதலின், அன்பர்காள்! விலை கேட்குமுன், அயலார்க்கு அந்நாட்டுச் சட்டம் உரிமை தருமா, விற்ற பணம் மீளுமா எனக் கேளுங்கள். நம் வண்டியூர்க் கண்மாயில் நீர் நிற்பது கரையால். அயல்நாட்டில் சொத்து நிற்பது அந்நாட்டார் நல்லெண்ணத்தால்.