ரயில் நின்ன பிறகு அந்த நிலம் யாருக்கு?

வில்லியனூர்ல இருந்து பேசுறேன். நம்ம ஸ்டேஷன் வழியா போற விழுப்புரம்–புதுச்சேரி லைன் 1879-ல வந்தது. இன்னைக்கும் ரயில் ஓடுது, ஓடட்டும். இன்னைக்குப் பேசப்போறது வேற விஷயம். ஒரு ரயில் பாதையோ யார்டோ வேலையை நிறுத்திட்டா, அந்த நிலம் யாருக்குப் போகணும்?

இதுக்கு ஒரு நல்ல பதில் சிங்கப்பூர்ல இருக்கு. நம்மில் பலருக்கு அங்க ஒரு சித்தப்பாவோ அண்ணனோ இருப்பாங்க. அடுத்த தடவை பேசும்போது 'ரயில் காரிடார்' பற்றிக் கேட்டுப் பாருங்க.

சிங்கப்பூருக்குள்ள ஓடின அந்த ரயில் மலேசியாவோடது. தெற்கே தஞ்சோங் பகார்ல ஆரம்பிச்சு வடக்கே உட்லண்ட்ஸ் வரைக்கும் 24 கிலோமீட்டர். பாதை இருந்த நிலமும் மலேசிய ரயில்வே வசம்தான் இருந்தது. 2010 மே மாசம் ரெண்டு நாட்டுப் பிரதமர்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்தாங்க. 2011 ஜூன் 30 ராத்திரி தஞ்சோங் பகார்ல இருந்து கடைசி ரயில் கிளம்பிச்சு. அதை ஓட்டிட்டுப் போனது ஜோகூர் சுல்தான்! மறுநாள் நிலம் சிங்கப்பூர் கைக்கு வந்துடுச்சு.

சிங்கப்பூர்ல நிலம் என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். துண்டு துண்டா வெட்டிக் கட்டடம் கட்டியிருந்தா, ஏன்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அப்படி நடக்கல. காரணம், கடைசி ரயில் கிளம்புறதுக்கு முன்னாடியே, 2010-லயே, அங்க இருக்கிற இயற்கைச் சங்கம் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்துட்டாங்க. அதோட சாரம் ஒண்ணுதான்: பாதையை அறுக்காதீங்க, முழு நீளத்துக்கும் பசுமையா விடுங்க.

அடுத்து அரசாங்கம் செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. தண்டவாளத்தைப் பிரிக்கிற வேலைக்கு முன்னாடி, 2011 ஜூலை 17 வரைக்கும் முழுப் பாதையையும் மக்கள் நடக்கத் திறந்துவிட்டாங்க. வரைபடத்துல கோடா இருந்த இடத்துல குடும்பம் குடும்பமா நடந்தாங்க. ஒருதடவை நடந்து பார்த்த இடத்தை 'காலி மனை'ன்னு சொன்னா யார் ஒத்துக்குவாங்க? அப்புறம் புக்கிட் தீமா ஸ்டேஷனையும் பழைய இரும்புப் பாலங்களையும் காப்பாத்தி வெச்சாங்க. அந்த ஸ்டேஷன் 2022-ல பொதுமக்களுக்குத் திரும்பத் திறந்தது.

இன்ஜினியரா ஒரு விஷயம் சொல்றேன். ரயில் செங்குத்தா ஏறாது. அதனால பாதையை ஏற்ற இறக்கம் ரொம்ப இல்லாமத்தான் போட்டிருப்பாங்க. சைக்கிள், சக்கர நாற்காலி, பேரனைக் கூட்டிட்டு நடக்கிற தாத்தா, எல்லாருக்கும் ஏத்த சரிவு அது. புதுசா இப்படி ஒரு பாதை போடணும்னா எத்தனை பேர் நிலத்தைக் கையகப்படுத்தணும்? நடுவுல அறுத்து வித்துட்டா அதைத் திரும்ப ஒட்டவே முடியாது.

இதுல நம்ம ஆட்களோட கதையும் இருக்கு. 1932-ல குயின்ஸ்வே பக்கம் ரயில்வேயில வேலை பார்த்த தமிழர்கள் முனீஸ்வரனுக்கு ஒரு சின்னக் கொட்டகைக் கோயில் போட்டாங்க. இன்னைக்கு அது காமன்வெல்த் டிரைவ்ல பெரிய கோயில். ரயில் நிலம்னா வெறும் இரும்பும் ஜல்லியும் மட்டும் இல்லை.

பாதை சரி, யார்டு? பெர்லின்ல டெம்பல்ஹாஃப் ஷண்டிங் யார்டு 1952-ல நின்னுபோச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் யாரும் தொடல. தண்டவாளத்துக்கு நடுவுல தானா காடு முளைச்சிடுச்சு. அங்க திரும்ப யார்டு கட்டப் பார்த்தப்போ அக்கம்பக்கத்து மக்கள் எதிர்த்தாங்க. இப்போ அது சுட்கெலாண்டே இயற்கைப் பூங்கா, சுமார் 18 ஹெக்டேர். நடவே இல்லாத காடு!

எல்லாமே இனிப்பா முடியாது. 2009-ல திறந்த நியூயார்க் ஹை லைனைச் சுத்தி வீட்டு விலை எகிறிடுச்சு. பூங்கா யாருக்காகன்னு அங்க இன்னும் சண்டை நடக்குது. பழைய யார்டு மண்ணுல எண்ணெய், நிலக்கரிச் சாம்பல், களைக்கொல்லி எல்லாம் ஊறியிருக்கலாம். மண்ணைச் சோதிக்காம குழந்தைகளை விளையாட விடக்கூடாது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவுல காலி ரயில்வே நிலத்தை வணிகத்துக்குக் கொடுத்து வருமானம் பார்க்கிறதுக்குன்னே ஒரு ஆணையம் இருக்கு, ரயில் நில மேம்பாட்டு ஆணையம். ரயில்வேக்குப் பணம் வேணும், அது தப்பில்லை. ஆனா டெண்டர் வந்த பிறகு பூங்கா கேட்டா, நம்மளைத் தடங்கல் பண்றவங்கன்னுதான் பார்ப்பாங்க. டெண்டருக்கு முன்னாடி கேட்டா, அது ஒரு திட்டம்.

ரயில்னு மட்டும் இல்லை. நம்ம புதுச்சேரி ஏ.எஃப்.டி மில் 2020-ல மூடினாங்க. அங்க உழைச்சவங்களுக்கும் சுத்தி வாழ்றவங்களுக்கும் அந்த இடத்துல ஒரு பங்கு வேணும்னா, அதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் இதுதான்.

உங்க ஊர்ல வேலையை நிறுத்தின யார்டு, மில், குடோன் ஏதாவது இருந்தா, அது யார் பேர்ல இருக்குன்னு முதல்ல கண்டுபிடிங்க. தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போதும். பதில் வந்தா எங்களுக்கும் அனுப்புங்க, அதை வெச்சே ஒரு எபிசோட் போடலாம். அடுத்த வாரம் பார்ப்போம்!