தோட்டத்தில் விண்கல் விழுந்தால்



2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி காலை. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே உள்ள சூளகிரி வட்டாரத்தில் வானத்திலிருந்து கற்கள் விழுந்தன. கிடைத்த துண்டுகள் மொத்தம் ஏறக்குறைய 110 கிலோ. நாளைக்கு நம்ம பல்லடத்துச் சோளக்காட்டிலும் விழலாம், காங்கேயத்துக் கொறங்காட்டிலும் விழலாம். விழுந்தால் முதலில் பார்க்கப் போவது ஆடு மேய்க்கிறவரும் தண்ணி பாய்ச்சுகிறவரும்தான். அதனால் விவரம் நமக்குத் தெரிந்திருக்க வேணும்.

விண்கற்களில் பெரும்பாலானவை, சூரியனைச் சுற்றும் சிறுகோள்களிலிருந்து உடைந்து வந்தவை. சூளகிரிக் கல்லின் வகைக்கு வயது சுமார் 450 கோடி ஆண்டு. பூமி உருவான காலத்துச் சேதி அதற்குள்ளே இருக்கிறது.

"எரிஞ்சுக்கிட்டு வருமே, பயிர் கருகாதா?" என்று கேட்பீர்கள். உயரத்திலேயே தீ அணைந்துவிடும். சின்னக் கற்கள் தரைக்கு வரும்போது பெரும்பாலும் சூடு ஆறியிருக்கும். மண்ணுக்கோ மாட்டுக்கோ அதனால் நஞ்சு இல்லை.

அடையாளம் எப்படி? மேலே மெல்லிய கருப்புத் தோல் இருக்கும். உடைந்த இடத்தில் பெரும்பாலும் சாம்பல் நிறம் தெரியும். அளவுக்கு மீறிக் கனக்கும். ஆனால் ஏமாறவும் இடம் உண்டு. கோவைப் பட்டறைகளிலிருந்து வரும் இரும்புக் கிட்டமும் கருப்புத்தான். அதில் பொத்தல் பொத்தலாக இருக்கும். சேலம் கஞ்சமலைக் கல்லும் கனக்கும், காந்தத்தில் ஒட்டும். ஆகவே நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

கல் கிடைத்தால் செய்ய வேண்டியது இதுதான். விழுந்த இடம், நேரம், வந்த திசை, கேட்ட சத்தம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். குழியைக் கலைக்காதீர்கள். மழை வரும்போல் இருந்தால், சுத்தமான பிளாஸ்டிக் பையால் பிடித்து எடுத்து, ஈரம் படாமல் வையுங்கள். தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள். கல்லில் பதிந்திருக்கும் பழைய காந்தச் சுவடு அழிந்துபோகும். கழுவவோ, எண்ணெய், மஞ்சள் பூசவோ வேண்டாம். கும்பிடத் தோன்றினால் தள்ளி நின்று கும்பிடுங்கள். வீட்டுக்கு ஒரு துண்டு என்று உடைத்துப் பங்கு போட்டுவிடாதீர்கள்.

உடனே கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். நம் நாட்டில் விழும் விண்கற்களுக்குப் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அவர்களிடம் சேர்ந்தால்தான் கல்லின் வகையும் வரலாறும் தெரியவரும். விழுந்த ஊரின் பெயரே கல்லுக்குப் பெயராகும். சூளகிரியின் பெயரை உலக விஞ்ஞானிகள் அறிந்தது அப்படித்தான். உங்கள் ஊர்ப் பெயரும் அப்படி நிலைப்பது, முதலில் கல்லைத் தொடுகிற கையின் பக்குவத்தில் இருக்கிறது.