ஒரு வசனம், இரண்டு தமிழ் பைபிள்கள்

 

ராயப்பன்பட்டியிலிருந்து உங்கள் கடைக்கு வரும் கிறிஸ்தவ நண்பரிடம், "உங்கள் வேதத்தை மாற்றிவிட்டார்கள்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த வசனம் என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

யோவானின் முதல் கடிதம், 5-ஆம் அதிகாரம், 7-ஆம் வசனத்தைப் பாருங்கள். புராட்டஸ்டண்டு சபைகளில் வாசிக்கப்படும் பழைய தமிழ் பைபிளில், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒன்று என்று இருக்கும். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியத்தின் வசனத்தில் அது இல்லை.

ஏன்? பழமையான கிரேக்கக் கைப்பிரதிகளில் அது கிடையாது. லத்தீன் ஏட்டின் ஓரக்குறிப்பு மூலத்தோடு கலந்துவிட்டது என்பது கிறிஸ்தவ ஆய்வாளர்களே தரும் விளக்கம். பேரேட்டின் ஓரத்தில் கிறுக்கியதை, நகல் எடுத்த கணக்குப்பிள்ளை வரவில் ஏற்றிய கதைதான்! எராஸ்மஸ் 1516-இல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் அது இல்லை. எதிர்ப்புக் கிளம்பவே 1522-இல் சேர்த்தார்.

இன்னொன்றையும் நாம் மறைக்கக் கூடாது. அதை நீக்கியவர்களும் கிறிஸ்தவ அறிஞர்களே. திரித்துவத்துக்கு அவர்கள் வேறு வசனங்களையும் காட்டுவார்கள். ஆகவே இந்த ஒன்றை வைத்துக்கொண்டு மேடையில் கூச்சலிடாதீர்கள். அழகிய முறையில் விவாதிக்கும்படியே குர்ஆன் (16:125) நமக்குக் கட்டளையிடுகிறது. இரண்டு பிரதிகளையும் வாங்கி முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு அந்த நண்பரை டீ குடிக்க அழையுங்கள்.