மரபணு மாற்ற உணவும் மக்கள் நெருக்கமும்: வங்கதேசக் கத்தரி தரும் படிப்பினை

(உழவர் அரங்கத் தோழர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மரபணு மாற்றப்பட்ட உணவுப் பயிர்கள் பற்றிய விவாதம், அவை வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியோடு தொடங்கி அந்தக் கேள்வியோடே முடிந்துவிடுவதுண்டு. அந்தக் கேள்வியை இன்று சற்று ஒத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாடு இத்தகைய பயிரை அனுமதித்துவிட்டால், அதன்பின் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஆற்றல் அந்த நாட்டுக்கு உண்டா? நிலம் குறைவாகவும் மக்கள் மிகுதியாகவும் உள்ள நாட்டில் அந்த ஆற்றல் எங்கே இருக்க வேண்டும்? இதுவே நான் எடுத்துக்கொள்ளும் பொருள். நமக்கு அண்மையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அது வங்கதேசம்.

வங்கதேசத்தின் பரப்பு 1,47,570 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவே. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே ஒரு சதுர கிலோமீட்டரில் 1,119 பேர் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 555. அதாவது நம்மைப் போல் இரண்டு மடங்கு நெருக்கம். பெரும்பாலான உழவர்களின் நிலம் ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. அதுவும் ஒரே துண்டாக இராது. வீட்டுக் கொல்லைக்கும் வயலுக்கும் இடையே எல்லைக்கோடு இல்லாத கிராமங்கள் அவை.

இந்த நாடுதான் தெற்காசியாவில் மரபணு மாற்றப்பட்ட உணவுப் பயிரை முதன்முதலில் அனுமதித்தது. 2013 ஜூலையில் வங்கதேச வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் கேட்டு விண்ணப்பித்தது. அக்டோபர் 30 அன்று நான்கு ரகங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. 2014 ஜனவரி 22 அன்று காஜிப்பூர், ஜமால்பூர், பாப்னா, ரங்பூர் பகுதிகளைச் சேர்ந்த இருபது உழவர்களுக்கு நாற்றுகளை வழங்கியவர் வேளாண் அமைச்சர் மதியா சௌத்ரி. இளமையில் இடதுசாரி மாணவர் இயக்கத்தின் புகழ்பெற்ற தலைவராக இருந்தவர் அவர். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. இந்தப் பிரச்சினையில் யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதைப் பழைய அடையாளங்களைக் கொண்டு கணிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பயிரின் பிறப்பை நாம் அறிந்திருக்க வேண்டும். கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவைக் கொல்லும் புரதத்தை, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்குகிறது. அதற்குக் காரணமான மரபணு மான்சாண்டோவிடமிருந்து இந்திய நிறுவனமான மஹிகோவுக்கு வந்தது. அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் நிதியிலும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பிலும் நடந்த திட்டத்தின் வழியாக அது வங்கதேசத்துக்குச் சென்றது. அதே திட்டத்தில் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் பங்கேற்றன. மதுரைக்கும் கிள்ளிகுளத்துக்கும் உரிய நமது கத்தரி ரகங்களிலும் அந்த மரபணு செலுத்தப்பட்டது.

இந்தியாவில் என்ன நடந்தது? 2009 அக்டோபர் 14 அன்று மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. எதிர்ப்பு எழுந்ததால், சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. நிறுவனம் சாராத, நீண்டகால ஆய்வுகள் இல்லை என்பது அவர் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. நமக்குப் போதாது என்று ஒதுக்கப்பட்ட அந்த ஆய்வுக் கோப்புகளில் பெரும்பகுதிதான், மூன்றாண்டு கழித்து அண்டை நாட்டில் உணவுப் பாதுகாப்புக்கான சான்றாக வைக்கப்பட்டது.

இங்கே ஒரு நேர்மையான கணக்கும் தேவை. கத்தரி பயிரிடும் வங்கதேச உழவர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நச்சு மருந்து தெளிப்பது வழக்கம். அந்த நச்சை முதலில் சுவாசிப்பவர் கைத்தெளிப்பானைச் சுமந்து செல்லும் கூலித் தொழிலாளி. 2017-18இல் வடமேற்கு மாவட்டங்களில் சுமார் 1,200 உழவர்களிடையே சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வில், பி.டி. கத்தரி பயிரிட்டவர்களின் பூச்சிமருந்துச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது; விளைச்சலும் கூடியது. அந்த ஆய்வுக்கும் பணம் யுஎஸ்எய்ட் கொடுத்ததுதான். ஆனால் முறையாக நடத்தப்பட்ட ஆய்வின் முடிவைப் பணம் வந்த இடத்தைக் காட்டி மட்டும் தள்ளிவிட முடியாது. இருபது உழவர்களில் தொடங்கியது 2018இல் 27,000-ஐத் தாண்டியது. அவர்கள் அனைவரும் ஏமாந்தவர்கள் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியப் பருத்தியைப் போல அது வீரிய ஒட்டு விதை அல்ல. பொதுத்துறை நிறுவனம் வெளியிட்ட ரகம். உழவர் விதையை எடுத்து வைத்து மறுபருவம் விதைக்கலாம். நமது பருத்தி உழவர் ஆண்டுதோறும் கடைக்காரரிடம் கையேந்தும் நிலை அங்கே கத்தரியில் இல்லை.

அப்படியானால் பிரச்சினை எங்கே? ஒப்புதல் கடிதத்தின் நிபந்தனைகளில் இருக்கிறது. பயிர்களுக்கிடையே தனிமைத் தொலைவு காக்க வேண்டும், விற்கும்போது பி.டி. கத்தரி என்று அடையாளமிட வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். காகிதத்தில் இவை சிறந்த நிபந்தனைகள். இவற்றை வயலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

தனிமைத் தொலைவை ஒரு பேச்சுக்கு 200 மீட்டர் என்று கொள்வோம். ஒரு வயலைச் சுற்றி 200 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்தால் அதனுள் ஏறத்தாழ 31 ஏக்கர் அடங்கும். அரை ஏக்கர் துண்டுகளாகக் கணக்கிட்டால் அறுபதுக்கு மேற்பட்ட நிலங்கள். வங்கதேசத்தின் சராசரி நெருக்கத்தில் அந்த வட்டத்துக்குள் 140 பேர் வாழ்வார்கள். ஓர் உழவர் நிபந்தனையைக் காப்பாற்ற வேண்டுமானால், அறுபது அண்டை நிலக்காரர்கள் கத்தரி பயிரிடாதிருக்க ஒப்ப வேண்டும்! கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது உண்மை. ஆனால் தேனீயும் வண்டும் அயல் மகரந்தத்தைக் கொண்டுவருவதும் உண்மை. வங்கமும் அதைச் சூழ்ந்த இந்தியப் பகுதிகளும் கத்தரியின் பல்வகைமை செழித்த தாயகங்கள். ஒரு முறை கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை.

விலைச்சீட்டின் கதை இதைவிட எளிது. கிராமத்துச் சந்தையில் சிறு வியாபாரி பல வயல்களின் காய்களை ஒரே சாக்கில் கொட்டுகிறார். அது மொத்த வியாபாரியிடம் போய், இரவு லாரியில் டாக்காவின் கார்வான் பஜாரை அடைகிறது. விடியற்காலையில் தள்ளுவண்டிக்காரர் அதிலிருந்து சில கிலோ எடுத்துச் செல்கிறார். பி.டி. கத்தரிக்குத் தனி நிறமோ மணமோ இல்லை. சீட்டு எதன்மேல் ஒட்டுவது? தள்ளுவண்டிக்காரர் மீது வழக்குப் போடுவதா? பொட்டலத்தில் விற்கும் பணக்கார நாடுகளின் விதியை அப்படியே எடுத்து எழுதியவர்கள் சந்தைக்குப் போய்ப் பார்க்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

பூச்சி எதிர்ப்பு பெறாமல் தடுக்க, வயலின் ஓரத்தில் சாதாரணக் கத்தரியைப் புகலிடப் பயிராக நட வேண்டும் என்பது மற்றொரு விதி. புழுவுக்குத் தின்னக் கொடுப்பதற்காகவே ஒரு வரிசையை விடும் வசதி கால் ஏக்கர் உழவருக்கு ஏது? நமது பருத்தியில் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றோம். விதைப் பொட்டலத்தோடு தனியாக வந்த சாதாரண விதையை உழவர்கள் பலர் விதைக்கவில்லை. 2010இல், குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத் தன்மை பெற்றுவிட்டதாக மான்சாண்டோவே அறிவித்தது. பழி உழவர் மீது விழுந்தது. நடைமுறைப்படுத்த இயலாத விதியை எழுதியவர் மீது விழவில்லை.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு இதுதான்: மக்கள் நெருக்கம் மிகுந்த நாட்டில் வயலிலும் சந்தையிலும் கட்டுப்பாடு செல்லாது. விதை வெளியேறும் வாசலிலேயே அது நின்றாக வேண்டும். பெரிய பண்ணைகள் உள்ள நாடு பிற்பாடு தவறைத் திருத்திக்கொள்ள ஓரளவு இடமுண்டு. சிறிய நாட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே அதன் ஒப்புதல் முறை பெரிய நாட்டினதைவிட மெதுவானதாகவும் கடுமையானதாகவும் இருக்க வேண்டும். வங்கதேசத்தில் விண்ணப்பத்திலிருந்து ஒப்புதல் வரை நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை.

ஏன் இந்த அவசரம்? வங்கதேசத்தின் உயிரிப் பாதுகாப்பு விதிகள் 2012இல், 1995ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்டவை. முடிவெடுக்கும் தேசியக் குழுவுக்குத் தலைவர் அமைச்சகச் செயலாளர். விண்ணப்பிப்பதும் அரசு நிறுவனம், ஒப்புதல் தருவதும் அரசுக் குழு. அந்தக் குழுவின் அலுவலர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் உயிரிப் பாதுகாப்பில் பயிற்சி அளித்த திட்டங்களோ யுஎஸ்எய்ட் பணத்தில் நடந்தவை. பயிரை உருவாக்கவும் பணம், பயிரைச் சோதிப்பவரைப் பயிற்றவும் பணம், பயன் தந்ததா என்று அளக்கவும் பணம். எல்லாம் ஒரே பையிலிருந்து. ஏகாதிபத்தியம் என்பதை எப்போதும் போர்க்கப்பலாகவே கற்பனை செய்ய வேண்டியதில்லை, தோழர்களே. 2025இல் வாஷிங்டனில் ஆட்சி மாறியதும் யுஎஸ்எய்ட் அமைப்பே மூடப்பட்டது. எதிர்ப்புப் பூச்சி தோன்றுகிறதா என்று ஆண்டுதோறும் கண்காணிக்கும் வேலைக்கு அயலார் நிதியை நம்பும் நாட்டின் கதி என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கத்தரி கறிக்காய், நெல் அப்படியல்ல. வங்கதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, அங்கே பரவலாகப் பயிராகும் பிரி தான் 29 என்ற ரகத்தில் பொன்னரிசியை உருவாக்கியது. 2017இலேயே ஒப்புதலுக்கு விண்ணப்பித்தும் கோப்பு ஆண்டுக்கணக்கில் நகரவில்லை. பிலிப்பைன்ஸ் 2021இல் அதே பொன்னரிசியைப் பயிரிட அனுமதித்தது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்துச் செய்தது. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் பார்வை இழப்பது கற்பனையல்ல. ஆனால் ஏழைக் குழந்தையின் தட்டில் கீரையும் முட்டையும் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அரிசியின் நிறத்தை மாற்றுவது விடையாகுமா?

இறக்குமதியைப் பற்றி ஒன்று சொல்லிக் கடக்கிறேன். கத்தரிக்காக நாம் சண்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே, பிரேசில், அர்ஜென்டினா சோயாவின் எண்ணெய் டாக்காவிலும் டில்லியிலும் அடுப்படிக்கு வந்துவிட்டது. அந்த நாடுகளின் சோயா ஏறத்தாழ முழுவதும் மரபணு மாற்றப்பட்டது. நன்கு சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவின் சுவடே மிஞ்சாததால் சோதனைக்கூடத்தில் கண்டுபிடிப்பதும் கடினம். 2021 ஆகஸ்டில் நமது ஒன்றிய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் பிண்ணாக்கைக் கோழித் தீவனத்துக்காக இறக்குமதி செய்ய அனுமதித்தது. எந்த ஊரிலும் மக்கள் கருத்துக் கேட்கப்படவில்லை.

இது அயல்நாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் பீகாரின் நெருக்கம் 1,106, மேற்கு வங்கத்தினுடையது 1,028, கேரளத்தினுடையது 860. கத்தரி விளைச்சலில் நாட்டின் முதல் மாநிலம் மேற்கு வங்கம். வங்கதேசத்தோடு நமக்குள்ள எல்லை 4,096 கிலோமீட்டர். விதைக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில், நாட்டில் தடைப்பட்ட பி.டி. கத்தரி வயலில் கண்டுபிடிக்கப்பட்டு அழிக்கப்பட்டது. கண்டுபிடித்துப் புகார் செய்தவர்கள் சமூக ஆர்வலர்கள். ஒழுங்குமுறை அமைப்பு அல்ல.

நமது விதிகள் 1989ஆம் ஆண்டினவை. 2012இல் தோழர் பாசுதேவ் ஆச்சார்யா தலைமையிலான நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழு இந்த முழு அமைப்பையும் மாற்றியமைக்கக் கோரியது. 2022 அக்டோபரில் மரபணு மாற்றக் கடுகு அனுமதிக்கப்பட்டது. 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அந்த அனுமதியில் மாறுபட்டபோதும், தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள். அதற்கிடையே 2022 மார்ச்சில், அயல் மரபணு புகுத்தாத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 1989 விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. வாசலைப் பூட்டுவது பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கையில் பக்கச்சுவர் இடிக்கப்படுகிறது.

கொள்கை வகுக்கப்படும்போது நாம் எதைக் கேட்பது என்று எழுதி அனுப்பிய தோழருக்கு என் பதில்: விதை வெளியீட்டுக்கு முன்பே ஆய்வுக் கோப்பு முழுவதும் மாநில மொழிகளில் வெளியாக வேண்டும். சோதனையைப் பொதுத்துறை ஆய்வகம், பொதுப் பணத்தில் நடத்த வேண்டும். எந்த ஊரில் எவ்வளவு விதை போனது என்ற பதிவேடு திறந்திருக்க வேண்டும். மாநிலத்துக்கு மறுக்கும் உரிமை வேண்டும். வேளாண்மை மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. இழப்பு நேர்ந்தால் யார் ஈடு செய்வது என்பது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். பொறுப்பும் இழப்பீடும் பற்றிய நகோயா-கோலாலம்பூர் துணை உடன்படிக்கை 2018இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதன் உறுப்பு நாடு. ஆனால் 1989 விதிகளில், பக்கத்து நிலத்தின் மகரந்தத்தால் தன் விதையை இழந்த உழவர் எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கிராமக் கூட்டங்களில் இந்தக் கடைசிக் கோரிக்கையிலிருந்தே தொடங்குங்கள். உழவருக்கு முதலில் புரிவது அதுதான்.