ஏழைகளின் வண்டி



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேரிடர்த் தொண்டர் ஒருவரை நினைவுகூர்ந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். என் மனத்தில் முதலில் வந்து நின்றவர் கராச்சியின் அப்துல் சத்தார் ஈதி. 2016 ஜூலை 8 அன்று சிறுநீரகம் செயலிழந்து காலமானார். வெளிநாட்டில் மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்கிறோம் என்று ஆட்சியிலிருந்தவர்களே முன்வந்தும் அவர் ஒப்பவில்லை. தம் ஊர் மருத்துவமனையிலேயே இருந்துவிட்டார்.

1928இல் இன்றைய குஜராத்தின் பாண்ட்வாவில், மேமன் வணிகக் குடும்பமொன்றில் பிறந்தார். பள்ளிக்குப் புறப்படும்போது தாய் இரண்டு பைசா கொடுப்பாராம்: ஒன்று உனக்கு, இன்னொன்று இல்லாதவருக்கு. அந்தத் தாய் பக்கவாதத்தில் விழுந்தபோது மகனுக்குப் பதினொரு வயது. குளிப்பாட்டியது, துணி மாற்றியது, ஊட்டிவிட்டது எல்லாம் அவன்தான்; தாய் கண்மூடும்வரை ஆண்டுக்கணக்கில் செய்தான். பின்னாளில் சாக்கடையிலும் இடிபாட்டிலும் கிடந்த உடல்களைக் கூச்சமில்லாமல் தூக்கிய கைகள் அந்த வீட்டில் பழகியவை என்றே நான் நம்புகிறேன்.

1947இல் குடும்பம் கராச்சிக்குப் பெயர்ந்தது. தெருவில் பொருள் விற்றுப் பிழைத்தவர், மீட்டாதர் பகுதியில் சிறிய மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். 1957இல் ஊரெங்கும் ஃப்ளூ காய்ச்சல் பரவியபோது கூடாரங்கள் அடித்து, இலவசமாக மருந்து கொடுத்தார். அதைப் பார்த்து வந்த நன்கொடையில் பழைய வேன் ஒன்றை வாங்கி, அதை ‘ஏழைகளின் வண்டி’ என்றார். ஓட்டுநரும் அவரே.

நான் இன்று சொல்ல வந்தது அந்த வண்டியைப் பற்றித்தான். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்த பிறகு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும் நல்ல மனம் நம்மிடம் நிறையவே உண்டு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஈதியின் வண்டி முந்தின நாளே தெருவில் நின்றது. 115 என்ற எண்ணை அழைத்தால் பிரசவத்துக்கும் வரும், சாலை விபத்துக்கும் வரும், குண்டு வெடித்த இடத்துக்கும் வரும். அன்றாடம் அதே வேலையைச் செய்துகொண்டிருந்த அவருடைய ஆட்களே 2005 அக்டோபர் 8 அன்று காஷ்மீர் மலைகளை நிலநடுக்கம் குலுக்கியபோதும் போனார்கள். பழகிய கைக்குத்தான் பதற்றத்திலும் வேலை ஓடும். 2015 ஜூனில், நோன்பு மாதத்தில், கராச்சியில் அடித்த வெயிலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தப் பெருநகரத்து உடல்கள் அவர் நிறுவிய ஈதி அறக்கட்டளையின் பிணவறைக்குத்தான் வந்து குவிந்தன. ஏறத்தாழ இருநூறு உடல்களுக்கான இடம் அது.

கேட்பாரற்ற உடல்களைக் கழுவி, கோடித்துணி சுற்றி, மவாச் கோத் இடுகாட்டில் எண்ணிட்டு அடக்கம் செய்தார்கள். என்றாவது ஓர் உறவினர் தேடி வரலாம் என்பதற்காகவே அந்த எண். இறந்தவர் என்ன மதம் என்று வண்டியில் ஏற்றும்போது யாரும் கேட்டதில்லை. வேண்டாத குழந்தைகளைக் கொன்றுவிடாமல் போட்டுவிட்டுப் போகட்டும் என்று ஈதி தம் மையங்களின் வாசலில் தொட்டில் வைத்தார். மதத் தலைவர்கள் சிலர் கண்டித்தார்கள். தொட்டில் அங்கேயே இருந்தது. அந்தக் குழந்தைகளை வளர்த்தெடுத்த பெரும்பாரம் மனைவி பில்கிஸுடையது. செவிலியராகப் பயிற்சி பெற்ற அவரைப் பற்றித் தனியே ஒரு சொற்பொழிவு நிகழ வேண்டும். 1986இல் மகசேசே விருது இருவருக்கும் சேர்த்தே தரப்பட்டது.

ஈதி அலுவலகத்தை ஒட்டிய அறையில் வாழ்ந்தார், சம்பளம் எடுக்கவில்லை, அரசுப் பணத்தை ஏற்கவில்லை. கண்களைத் தானம் செய்தார். அரசு மரியாதையுடன் விடைபெற்றபோதும், பல ஆண்டுகளுக்கு முன்பே தாமே தோண்டிவைத்த குழியில்தான் அடக்கமானார்.

அவர் போன பிறகும் வண்டி நிற்கவில்லை. 2021 ஏப்ரலில் இந்தியா கொரோனாவில் மூச்சுத் திணறியபோது, மகன் ஃபைசல் ஈதி நம் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்: ஐம்பது ஆம்புலன்ஸ்களும் ஆட்களும் அனுப்புகிறோம், எரிபொருளும் உணவும் எங்கள் செலவு, அனுமதி மட்டும் கொடுங்கள் என்று.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். நம் அரசு மருத்துவமனைப் பிணவறைகளிலும் கேட்பாரற்ற உடல்கள் வருகின்றன. அவற்றை வாங்கிப்போய் அடக்கம் செய்கிற தொண்டர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். வண்டி வாடகையும் கையுறையும் கோடித்துணியும் பெரும்பாலும் அவர்கள் கைக்காசு. இந்த அறக்கட்டளையின் வட்டியில் ஒரு பங்கை அடுத்த ஆண்டு முதல் அதற்கு ஒதுக்குங்கள். அச்சிடும் நூல்களின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, இந்தச் சொற்பொழிவு அச்சாகும் நூல் உட்பட.