மரபணுவும் மார்பகப் புற்றுநோயும்: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

(நம் அறக்கட்டளையின் மகளிர் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



இந்தத் தலைப்பைப் பொதுவில் பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். மார்க்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கத்தைத் தடையாக்காத அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியுள்ளார்கள். உடல்நலத்திலும் நமக்கு அந்தத் துணிவு வேண்டும். கட்டியை யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைக்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

'வைட்டமின் டி மரபணுவில் மாற்றம் இருந்தால் இந்த நோய் வருமாமே?' என்று நம்மிடம் கேட்கிறார்கள். விஷயம் இதுதான். வெயில் பட்டு நம் தோல் வைட்டமின் டி-யைத் தயாரிக்கிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் செயல்படும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. பிறகு அது செல்லுக்குள் உள்ள ஓர் ஏற்பியுடன் சேர்ந்தே வேலை செய்கிறது. அந்த ஏற்பிக்கான மரபணு 12-ஆம் குரோமோசோமில் உள்ளது. முகம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதுபோல் இந்த மரபணுவிலும் சிறு வேறுபாடுகள் உண்டு. மார்பகச் செல்களிலும் இந்த ஏற்பி இருப்பதால்தான் ஆய்வாளர்கள் இதைக் கவனித்தார்கள்.

அமெரிக்கச் செவிலியர்களிடையே நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், ஃபாக்-1 என்ற வேறுபாட்டின் ஒரு வகை உடையவர்களுக்கு அபாயம் சற்றே கூடுதலாகத் தெரிந்தது. பிஎஸ்எம்-1 என்ற வேறுபாட்டில் அப்படி எதுவும் தெரியவில்லை. மற்ற ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எனவே இதற்காகப் பணம் செலவழித்துப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை.

பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 மரபணுக்களின் பழுது வேறு. அது உள்ள பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 70 பேருக்கு 80 வயதுக்குள் நோய் வரக்கூடும். ஆனால் மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 100-க்கு 5 முதல் 10 வரைதான். நெருங்கிய உறவில் பலருக்கோ, இளவயதிலோ வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் இதுபற்றிக் கேளுங்கள்.

தாய்க்கு இந்த நோய் வந்தது என்பதற்காக மகளின் சம்பந்தத்தை முறிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: இந்த நோய் தொற்றாது, தாய்க்கு வந்தால் மகளுக்கும் வரும் என்பது விதியல்ல. அறியாமையால் ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுப்பது அநீதி. அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.

மாத்திரையிலும் நிதானம் தேவை. அமெரிக்காவில் 25,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி எடுத்தும் மார்பகப் புற்றுநோய் குறையவில்லை. எலும்புக்கு அது அவசியம். குறைபாடு இருந்தால் மருத்துவர் சொன்ன அளவில் எடுங்கள். 60,000 யூனிட் பாக்கெட்டுகளைக் கடையில் வாங்கித் தாமாகவே தொடர்ந்து சாப்பிட்டால் இரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகம் கெடும். பர்தா அணியும் சகோதரிகள் வீட்டு மாடியிலோ முற்றத்திலோ மறைவான இடத்தில் சிறிது நேரம் கை கால்களில் வெயில் படும்படி இருக்கலாம்.

வலியில்லாத கட்டி, தோல் சுருக்கம், காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள். 30 வயதைக் கடந்தவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆண்களே, மனைவியையும் தாயையும் அழைத்துச் செல்வது உங்கள் பொறுப்பு. துணைக்கு ஆளோ பயணச் செலவோ தேவைப்பட்டால் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது.

நோயைத் தந்த அல்லாஹ் நிவாரணத்தையும் தந்திருக்கிறான். அதைத் தேடுவது நம் கடமை. நோயுற்ற சகோதரிகள் அனைவருக்கும் அவன் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.